கண்ணில் விழும் பூ



அறுவடைக் காலம், மாலை ஐந்து மணி. கதிர்க்கட்டைத் தூக்கக் குனிந்த பெண்ணொருத்தியின் கண்ணில் நெற்றாளின் நுனி உராய்ந்துவிடுகிறது. நெல்லின் இலைக்கு அரம் போன்ற விளிம்பு உண்டு என்பது வயலில் இறங்கியவர் யாவரும் அறிந்ததே. கண் உறுத்துகிறது, நீர் வழிகிறது. முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, கண்மேல் ஒற்றிக்கொள்கிறாள். வெளிச்சம் இருக்கும்போதே வேலையை முடிக்கவேண்டுமே என்று மறுபடியும் குனிகிறாள். வீடு திரும்பினால், பக்கத்தில் பிள்ளை பெற்றவள் இருந்தால் தாய்ப்பால் இரண்டு சொட்டு. இல்லையேல் விளக்கெண்ணெய் ஒரு துளி. மறுநாளும் வேலை உண்டு. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கண் சிவந்து வீங்கிக் கருவிழியில் ஒரு வெண்புள்ளி தோன்றுகிறது. அதன் பின்னரே நகரத்து மருத்துவமனைக்குப் பேருந்து ஏறுகிறாள். புண் ஆறினாலும் தழும்பு நிற்கிறது. ஊரார் அதனைக் 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பர். பார்வையைப் பறிக்கும் ஒன்றுக்குத் தமிழ் இத்துணை மெல்லிய பெயரை ஏன் வைத்ததோ! வெண்மையைக் கண்டு வைத்த பெயராகலாம். நோயுற்றவரின் மனம் நோகாதிருக்க வைத்ததாகவும் ஆகலாம்.

அந்த மாலை ஐந்து மணிக்கும் பேருந்து ஏறிய நாளுக்கும் இடையே கிடந்த காலமே இன்றைய பேச்சின் பொருள். கண்ணில் பட்ட காயத்தையும் கண்ணுக்குள் மூண்ட அழற்சியையும், அடிபட்டவர் இருக்கும் இடத்திலேயே கண்டறிய உதவும் கையடக்கப் படக்கருவிகள் இன்று உருவாகி வருகின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எதைக் காட்டுகின்றன, எந்த இடத்தில் தடுமாறுகின்றன என்பதைச் சற்று விரிவாகக் காண்பது நன்று.

முதலில் கண்ணின் அமைப்பைப் பற்றி ஒரு சொல். கருவிழி என்று வழக்கில் சொல்லப்படும் கார்னியா உண்மையில் கருமையானதன்று. அது நிறமற்ற, ஒளி ஊடுருவும் படலம். கடிகார முகப்பின்மேல் பொருத்திய கண்ணாடியைப் போன்றது. தெரிகின்ற கருமை, பின்னால் உள்ள ஐரிஸுக்கும் பாவைக்கும் உரியது. இப்படலத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையது. ஒளி தடையின்றிச் செல்லவேண்டும் என்பதற்காகவே போலும், அதில் குருதிக்குழாய்கள் இல்லை. மேலே மூடியிருக்கும் மெல்லிய தோலடுக்கு சிராய்த்தால், நலமுள்ள கண்ணில் அது ஓரிரு நாளில் தானே மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் கிருமி உட்புகுந்தால்தான் கேடு. வயலில் படும் காயத்தில் பெரும்பாலும் தாவரத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதனுடன் ஃபுசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகளும் வருகின்றன. பாக்டீரியாவால் வரும் புண்ணைவிடப் பூஞ்சையால் வரும் புண் மெதுவாக வளரும், ஆழமாக ஊடுருவும், மருந்துக்கு எளிதில் இணங்காது.

இது எங்கோ தொலைவில் நிகழும் துன்பமன்று. மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எத்துணை பேருக்கு உண்டாகிறது என்று கணக்கிட்டு 1996-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் 113 பேருக்கு என்பது அதன் முடிவு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மாவட்டம் ஒன்றில் அதே கணக்கு ஓர் இலட்சத்துக்கு 11 மட்டுமே. பத்து மடங்கு வேறுபாடு! மதுரையின் கண்கள் வலிமையற்றவை என்பது இதற்குப் பொருளன்று. வயலும் களமும் வைக்கோலும் அங்கே கண்ணுக்கு அருகில் இருக்கின்றன. மருத்துவர் தொலைவில் இருக்கிறார்.

இனி நேரத்தைப் பற்றிய செய்தி. நேபாள நாட்டின் பக்தபூர் மாவட்டத்தில் 34,902 மக்களை ஈராண்டுகள் தொடர்ந்து கவனித்து ஒரு முயற்சி நடைபெற்றது. அதன் முடிவு 2001-இல் வெளியாயிற்று. அடிப்படைப் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள், கண்ணில் அடிபட்டவர்களைப் பார்த்து, சிராய்ப்பு இருந்தால் குளோரம்பெனிகால் களிம்பை நாளொன்றுக்கு மூன்று முறை, மூன்று நாள் இட்டனர். அவ்வளவே மருத்துவம். 442 பேருக்குச் சிராய்ப்பு இருந்தது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் நால்வருக்கு வந்தது. 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 49 பேர்தாம். அவர்களுள் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. மூன்று கூட்டத்தாருக்கும் மருந்து ஒன்றே. களிம்பிட்ட முறையும் ஒன்றே. வந்து சேர்ந்த நேரம் மட்டுமே வேறு. மாலை ஐந்து மணிக்கு நெற்றாள் பட்ட அப்பெண்ணுக்கு இந்தக் கணக்கின்படி மறுநாள் காலை பதினொரு மணி வரையே அவகாசம்.

அந்தப் பணியாளர்கள் சிராய்ப்பை எதைக் கொண்டு கண்டனர்? வெறுங்கண்ணால் பார்த்தால் சிராய்த்த கருவிழியும் சிராய்க்காத கருவிழியும் ஒன்றுபோலவே பளபளக்கும். ஜெர்மானிய வேதியியலார் அடால்ஃப் ஃபொன் பேயர் 1871-இல் உருவாக்கிய ஃபுளோரசீன் என்னும் சாயம் இங்கே கைகொடுக்கிறது. அச்சாயம் தோய்ந்த தாள்நறுக்கை இமையின் உட்புறத்தில் தொட்டு, நீலநிற டார்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சினால், மேல்தோல் உரிந்த இடம் மட்டும் இளம்பச்சையாக ஒளிரும். ஒரு டார்ச்சு, ஒரு தாள்நறுக்கு, ஒரு களிம்புக் குழாய். கையடக்கக் கண் கருவிகளின் கதையில் மிகப் பழையதும், இன்றளவும் தோற்கடிக்கப்படாததும் இதுவே என்றால் மிகையாகாது. அதன் குறை ஒன்றே: பார்த்தவர் பார்த்ததோடு சரி. மருத்துவரிடம் காட்டுவதற்கு எதுவும் எஞ்சாது.

மருத்துவரின் கருவி ஸ்லிட் லேம்ப். பிளவு விளக்கு என்று தமிழில் சொல்லலாம். சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் அல்வார் குல்ஸ்ட்ராண்ட் 1911-இல் அதனை உலகுக்கு அறிமுகம் செய்தார். அதே ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பரிசு விளக்குக்காக வழங்கப்பட்டதன்று, கண்ணில் ஒளி முறியும் கணக்கை வகுத்தமைக்காக வழங்கப்பட்டது. ஓட்டுவீட்டில் வளர்ந்தவர்களுக்கு இக்கருவியின் தத்துவத்தை விளக்கவே தேவையில்லை. நண்பகலில் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் ஒரு கம்பிபோல் உள்ளே இறங்கும். அறை முழுதும் தூசு இருந்தும் அந்தக் கம்பிக்குள் மட்டுமே அது மிதப்பது தெரியும். பிளவு விளக்கும் மெல்லிய ஒளித்தகட்டைக் கருவிழியின் குறுக்கே சாய்வாகச் செலுத்துகிறது. பலாச்சுளையைக் கத்தியால் வகிர்ந்து பார்ப்பதுபோல, கருவிழியின் முன்புறமும் பின்புறமும் இடையிலுள்ள ஆழமும் உருப்பெருக்கியில் தெரிகின்றன. சிராய்ப்பு மேலோடு நின்றதா, ஆழ்ந்து பாய்ந்ததா என்பதைச் சொல்வது அந்த ஒளித்தகடுதான்.

அழற்சியைக் காண்பதும் இவ்வாறே. கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவே தெளிந்த நீர் நிரம்பிய சிறு அறை உண்டு. கண்ணுக்குள் அழற்சி மூண்டால் குருதியின் வெள்ளணுக்கள் அந்த நீரில் வந்து மிதக்கும். நீரும் புகைபடிந்தாற்போல் மங்கும். ஒளிக்கம்பிக்குள் தூசைக் காண்பதுபோலவே மருத்துவர் அந்த அணுக்களைக் காண்கிறார். காண்பதோடு நில்லாது எண்ணவும் செய்கிறார். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஒளிக்கற்றைக்குள் 6 முதல் 15 அணுக்கள் வரை இருந்தால் முதல் நிலை, 16 முதல் 25 வரை இரண்டாம் நிலை, 50-க்கு மேற்பட்டால் நான்காம் நிலை என்று 2005-இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வரையறுத்தனர். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த எண்ணிக்கையைப் பொறுத்தவை. மிதந்து நகரும் பொடிகளைக் கண்ணால் பார்த்து எண்ணுவது எப்படித் துல்லியமாகும் என்று கேட்கத் தோன்றும். ஒரே கண்ணைப் பார்த்து இரு மருத்துவர்கள் இரு நிலையைச் சொல்வது உண்டு. எண்ணும் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற வேட்கை எழுந்ததற்கு இதுவும் காரணம்.

பிளவு விளக்கு மேசைமேல் நிற்பது. நோயாளி நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, தாங்கியில் முகவாயை வைத்து, பட்டையில் நெற்றியை அழுத்தி அசையாதிருக்க வேண்டும். விபத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவர் அமர இயலுமா? கைக்குழந்தை முகவாயை வைக்குமா? மின்சாரமும் பயிற்சி பெற்றவரும் மேசையும் இல்லாத ஊரில் அது இருந்தும் பயன் என்ன?

விளக்கையே நோயாளியிடம் கொண்டு செல்லும் முயற்சி இங்கே தொடங்குகிறது. கையில் பிடிக்கும் பிளவு விளக்குகள் நெடுநாளாகவே உண்டு. கைபேசி வந்த பின்னர் அவற்றோடு படமும் சேர்ந்தது. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்துக் கண் மருத்துவர்களின் முயற்சியில் பிறந்த கருவி ஒன்றில், கைபேசியின் சொந்த விளக்கே ஒளிமூலம். அதன்மேல் பொருத்தும் சிறு மூடி அவ்வெளிச்சத்தைப் பிளவாக்கித் தருகிறது. நீல வெளிச்சத்துக்கும் வழி உண்டு. கைபேசியின் கேமரா பார்த்ததை அப்படியே படமாக்குகிறது. பெங்களூரில் ரெமிடியோ போன்ற நிறுவனங்கள் கைபேசியுடன் இணைந்த விழித்திரைக் கேமராக்களைச் செய்தன. அவை கண்ணின் பின்புறத்தைக் காண்பவை, சர்க்கரை நோயாளிகளுக்கு மிகப் பயன்பட்டவை. முன்புறத்தைப் படம்பிடிப்பது அதைவிட எளிதென்று தோன்றும். வெளியே தெரிவதுதானே! செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் இடர் தெரியும்.

கருவிழி ஒரு கண்ணாடி என்றோம் அல்லவா? கண்ணாடியைப் படம்பிடித்தால் விளக்கின் பிரதிபலிப்பே முதலில் விழும். புண் இருக்கும் இடத்தின்மேலேயே அந்த வெண்பளபளப்பு அமர்ந்துவிட்டால் படம் வீண். அடுத்து, கேமரா தானாகக் குவியும் இயல்புடையது; அது நிறமற்ற கருவிழியை விட்டுவிட்டுப் பின்னால் கோலமிட்டாற்போல் கோடுகள் நிறைந்த ஐரிஸில் போய்க் குவிந்துவிடும். படம் கூர்மையாகத்தான் இருக்கும். காயம் மட்டும் மங்கியிருக்கும். மூன்றாவது, வலி. சிராய்த்த கண் வெளிச்சத்தைக் கண்டதும் இறுக மூடிக்கொள்ளும். பிடிப்பவர் கை நடுங்கும். பிடிக்கப்படுபவரின் தலை ஆடும். ஒளிரும் சாயத்தின் பச்சை, நீல வெளிச்சத்தில் கரைந்துபோகாமலிருக்கக் கேமராவின்முன் மஞ்சள் வடிகட்டி வேண்டும். ஒரு சிறு மஞ்சள் தகடு இல்லாமையால் நல்ல கருவியின் படமும் பயனற்றுப் போவதுண்டு. இவ்வாறு ஒவ்வொன்றுக்கும் வழி கண்டு கருவியை அமைப்பதுதான் ஆய்வாளர்களின் அன்றாட வேலை. பெருங்கண்டுபிடிப்பு என்று செய்தித்தாளில் வருவதற்குரியவை அல்ல இவை.

காயத்தின் தன்மையும் ஒரு கட்டுப்பாட்டை விதிக்கிறது. கூரிய கம்பியோ உளிச்சில்லோ பாய்ந்து கண்கோளமே கிழிந்திருந்தால், அக்கண்ணை விரலாலும் கருவியாலும் சிறிதும் அழுத்தலாகாது. அழுத்தினால் உள்ளிருப்பது வெளியே பிதுங்கும். ஆகவே தொடாமல் படம்பிடிப்பது வசதிக்காக மட்டுமன்று, கண்ணைக் காப்பதற்காகவும் ஆகும். இத்தகைய காயத்திலும் ஃபுளோரசீன் உதவும். கிழிசல் வழியே கண்ணின் நீர் கசிந்தால், அது சாயத்தைக் கரைத்துக்கொண்டு சிற்றோடைபோல் இறங்குவது நீல வெளிச்சத்தில் தெரியும். நிலைத்த படத்தில் தெளிவாகாத இக்கசிவு சில நொடிக் காணொளியில் நன்கு புலப்படும். கைபேசியின் மிகப் பெரிய நன்மை இதுவென்றே சொல்லலாம். அத்தகைய கண்ணுக்கு உடனடியாகச் செய்யத்தக்கது, கண்ணைத் தொடாதவாறு ஒரு காகிதக் குவளையின் அடிப்பாகத்தை மேலே கவித்து ஒட்டி, மருத்துவமனைக்கு அனுப்புவதே. பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டுவது தீது.

தொடாமல் ஆழத்தைக் காணும் கருவிகளுள் தலையாயது ஓசிடி. 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த குழுவினர் இதனை வெளியிட்டனர்; ஹுவாங், ஃபுஜிமோட்டோ, ஸ்வான்சன் ஆகிய மூவருக்கு 2023-இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. கிணற்றில் குரல் கொடுத்தால் எதிரொலி வருவதுபோல, ஒளியைச் செலுத்தி, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பி வரும் ஒளியைக் கொண்டு ஆழத்தை வரைவது இதன் முறை. ஒளி மிக விரைவுடையதாதலால் எதிரொலியின் நேரத்தைக் கடிகாரத்தால் அளக்க இயலாது. மற்றோர் ஒளிக்கற்றையோடு ஒப்பிட்டே அளக்கவேண்டும். நீரறையில் மிதக்கும் அழற்சி அணுக்களும் அந்தப் படத்தில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். சென்னைக் கண் மருத்துவர்கள் சிலர் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், ஓசிடியின் துணையால் இவ்வணுக்களைக் கண்டு நிலை பிரிக்க முடியும் என்றும், கருவிழி மங்கியிருந்து பிளவு விளக்கால் காண இயலாத கண்களிலும் இது கைகொடுக்கும் என்றும் காட்டினர். பின்னர் அப்புள்ளிகளைக் கணினியே எண்ணும் முறைகளும் வந்தன. கருவியின் உருவமும் சுருங்கிற்று. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தார் படுத்திருக்கும் குறைமாதக் குழந்தையின் கண்ணைக் கையில் பிடித்தே பார்க்கத்தக்க ஓசிடியைப் பயன்படுத்திக் காட்டினர். விலை குறைந்த, தூக்கிச் செல்லத்தக்க ஓசிடியையும் அங்கேயே வடித்தனர். ஆயினும் இன்றைய நிலையில் ஓர் ஊர்ப் பணியாளரின் பையில் இருக்கும் பொருளாக அது ஆகிவிடவில்லை.

படம் கிடைத்துவிட்டது என்று கொள்வோம். அதைக் கண்டு என்ன கிருமி என்று சொல்ல முடியுமா? மதுரை அரவிந்த் மருத்துவமனையில் எடுக்கப்பட்ட கருவிழிப் புண்களின் படங்களைப் பல நாட்டு வல்லுநர்களிடம் காட்டி, பாக்டீரியாவா பூஞ்சையா என்று கேட்டனர். தேர்ந்த மருத்துவர்களும் தடுமாறினர். அத்தகைய படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணினி நிரல் அவர்களைவிடச் சற்று மேலாகச் சொல்லிற்று. ஆனால் அதுவும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. புண்ணைச் சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை. இது சிறு செய்தியன்று. சிவந்த கண்ணைக் கண்டு, அழற்சிதானே என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தை ஊற்றினால், பூஞ்சையிருக்கும் கண்ணில் அது எரியும் வீட்டில் எண்ணெய் வார்ப்பதற்கு ஒப்பாகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ள நாட்டில், அழற்சியைக் காட்டும் கருவியைவிட, அழற்சிக்கும் நோய்த்தொற்றுக்கும் வேறுபாடு காட்டும் கருவியே மிகுதியும் வேண்டப்படுவது.

பக்தபூரின் வெற்றியைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் இன்னொரு செய்தியையும் கேட்கவேண்டும். அதே நேபாளத்தில், சித்வன் பகுதியில், பிற்காலத்தில் பெரிய அளவில் ஓர் ஆய்வு நடந்தது. 24 ஊர்ப்பகுதிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பெண் சுகாதாரத் தொண்டர்களுக்குச் சிராய்ப்பைக் கண்டு களிம்பிடும் பயிற்சி அளித்தனர். மறுபாதியை வழக்கம்போல் விட்டனர். புண் வந்ததா என்பதை அறிய வீடுவீடாகச் சென்று மக்களின் கருவிழிகளைக் கையில் எடுத்துச் செல்லும் கேமராவால் படம்பிடித்து, எந்த ஊர்ப் படம் என்று அறியாதவர்களைக் கொண்டு மதிப்பிட்டனர். 2022-இல் வந்த முடிவு, இரு பாதிக்கும் வேறுபாடு இல்லை என்பது. பக்தபூரின் கணக்கு பொய்யாகிவிட்டது என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. 18 மணி நேரத்துக்குள் வந்தவரின் கண் காக்கப்பட்டது என்பது பக்தபூர் கண்டது. ஊரில் ஒருவருக்குப் பயிற்சி தந்துவிட்டால் ஊர் முழுவதிலும் புண் குறைந்துவிடாது என்பது சித்வன் கண்டது. டார்ச்சும் களிம்பும் ஊரில் இருப்பது ஒன்று. கதிர்க்கட்டைப் போட்டுவிட்டு அவள் அன்றே அங்கு வருவது மற்றொன்று. கைபேசிக் கேமராவுக்கும் இதே நிலைதான். அழகிய படம் மருத்துவமனைக்குச் சென்று, அங்கே பார்ப்பாரின்றி இரண்டு நாள் கிடந்தால், விளக்கெண்ணெய் ஊற்றிக் காத்திருந்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

இத்துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, இன்று சிற்றூர்களையொட்டிக் கண் பார்வை மையங்களை நடத்துகிறது. அங்கே மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பெண்ணொருவர் பிளவு விளக்கில் கண்ணைப் பார்த்துப் படமெடுத்து அனுப்ப, தலைமை மருத்துவமனையில் உள்ள மருத்துவர் நோயாளி அமர்ந்திருக்கும்போதே காணொளி வழியாகப் பேசுகிறார். படம் காத்துக் கிடப்பதில்லை. கையடக்கக் கருவி செம்மையுறும்போது அது முதலில் சென்று சேரத்தக்க இடம் இத்தகைய மையத்துக்கும் வயல் வரப்புக்கும் இடைப்பட்ட தொலைவுதான்: ஊர்ச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், நெல் அரவை ஆலையின் மேற்பார்வையாளர், வெல்டிங் பட்டறையின் மேசை.

அங்கே கருவியைக் கையில் எடுப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. படம் எடுத்த நாளையும் நேரத்தையும் கைபேசி தானே குறித்துக்கொள்ளும். அடிபட்ட நேரத்தை அதனால் அறிய இயலாது.

"எப்பம்மா பட்டுச்சு?"

"நேத்துச் சாயங்காலம், கட்டுத் தூக்கையிலே."

அந்த விடையைப் படத்தோடு சேர்த்து எழுதி அனுப்பவேண்டும். சுவரிலுள்ள கடிகாரத்தில் மணி அப்போது பத்தரை.